இறுதிச் சரணமும் ஆசிரியர் பெயரும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்துக் கிறித்தவப் பாடல்களை முன்வைத்து ஒரு கருத்துரை

தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றின் இறையியலையோ யாப்பையோ இசையையோ பொருளாகக் கொண்டு அமைகின்றன. அவற்றை இயற்றியவர் யார் என்னும் வினா, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஆபிரகாம் பண்டிதர் ஆகிய சில பெயர்களோடு நின்றுவிடுகின்றது. எஞ்சிய பாடல்கள் 'பழைய பாடல்' என்னும் ஒற்றைத் தொடருக்குள் அடக்கப்படுகின்றன. ஒரு பாடல் பழையது என்பது அதற்கு ஆசிரியர் இல்லை என்பதற்குச் சான்றாகாது. பாடும் முறையே ஆசிரியர் பெயரை உதிர்த்துவிடுகின்றது. அவ்வுதிர்வு இன்று விரைந்து நிகழும் இடங்களுள் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடம் ஒன்று. அதனைத் தடுக்கும் பொறுப்பு திருச்சபைகளைக் காட்டிலும் தமிழ்த்துறைகளுக்கே மிகுதி. இம்மூன்றும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகளாகும்.

பெயர் வாழும் இடம்

தமிழ்ப் பக்திப் பாடல் மரபில் ஆசிரியர் பெயருக்கென ஓர் இடம் உண்டு. திருஞானசம்பந்தரின் பதிகங்களில் அது திருக்கடைக்காப்பு. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் பத்துப் பாசுரங்களை அடுத்துவரும் இறுதிப் பாசுரம் குருகூர்ச் சடகோபன் பெயரைச் சொல்லிப் பாடற்பயனையும் கூறும். பெரியாழ்வாரும் ஆண்டாளும் திருமங்கையாழ்வாரும் இம்முறையைப் போற்றியவர்களே. பாடியவர் பெயர், அவருடைய ஊர், பாடுவோர் பெறும் பயன் ஆகிய மூன்றும் ஒரே பாட்டில் வந்துவிடுவதால், ஏடு அழிந்தாலும் பாட்டே ஏட்டின் வேலையைச் செய்தது. இராமாநுசர் பிறந்த ஊராகிய திருப்பெரும்புதூரின் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் ஓதப்படும்போது, நேரமில்லை என்று இறுதிப் பாசுரத்தை விட்டுவிடுவதற்கு இடமில்லை. அப்பாசுரம் விடப்பட்டால் பதிகம் முற்றுப்பெறாது.

இம்மரபு கீர்த்தனையில் முத்திரையாகத் தொடர்ந்தது. பல்லவி, அனுபல்லவி, சரணங்கள் என விரியும் அமைப்பில் இறுதிச் சரணம் பெரும்பாலும் முத்திரைக்கு உரியது. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தம் பாடல்கள் பலவற்றில் தம் பெயரைப் பொதிந்து வைத்தவர். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் தஞ்சையில் வளர்ந்து, இரண்டாம் சரபோசி மன்னரின் அவையில் புலவராக விளங்கிய அவருக்கு, அவைப்புலமையும் வழிபாட்டுப் பாடலும் வேறுவேறல்ல. 1800-இல் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி இதற்குச் சான்று. குறவஞ்சி என்னும் நாடக வகையைக் கிறித்தவப் பொருளுக்கு ஆக்கிய துணிவு, தம்மைத் தமிழ்ப் புலவர் வரிசையில் ஒருவராக எண்ணியவருக்கே வரும். அவ்வரிசையில் நிற்பவர் பெயரிட்டே பாடுவார்.

அவர் பாடல்களைத் திருச்சபை எப்போதும் உவந்து ஏற்றதாகக் கருதுவது பிழை. 1820-களின் இறுதியில் தஞ்சையில் புதிய மிஷனரிமாரோடு நிகழ்ந்த பூசலில், அவர் தரப்பினர் தமக்கு இழைக்கப்பட்ட நான்கு கொடுமைகளைப் பட்டியலிட்டனர். வேதாகமத்தின் புதிய மொழிபெயர்ப்பைத் திணித்தல், நற்கருணையில் சாதி வேறுபாட்டை நீக்குதல், மலர் அலங்காரங்களைத் தடுத்தல், தமிழ் இசைப்பாடல்களை வழிபாட்டிலிருந்து விலக்குதல் என்பன அவை. நான்காவது குற்றச்சாட்டைக் கொண்டு சாஸ்திரியாரைத் தமிழிசைக் காவலராகப் போற்றும் கட்டுரைகள் பல உண்டு. இரண்டாவதைப் பற்றி அவை மௌனம் காக்கும். ஒரே ஆவணத்தின் ஒரு வரியை மட்டும் எடுத்தாள்வது ஆய்வாகாது. அம்மௌனத்தின் விலை என்ன என்பது பின்னர்ப் பரட்டை பற்றிய பகுதியில் விளங்கும்.

சாஸ்திரியாரின் முதிர்ந்த வயதில் நிலைமை மாறியது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-இல் அச்சிட்டார். அத்தொகுப்பின் முதன்மை ஊற்று சாஸ்திரியாரின் பாடல்களே. அவைப்புலவரின் பாடல் இவ்வாறு ஊர்தோறும் உள்ள சபைகளின் கைக்குச் சென்றது. இது பெரும்பேறு. எனினும் சபையின் கைக்குச் சென்ற பாடல், சபையின் நேரத்துக்கும் கட்டுப்பட்டது. பல சரணங்கள் கொண்ட கீர்த்தனையில் பல்லவியும் முதலிரு சரணங்களும் பாடப்பட, எஞ்சியவை அச்சில் உறங்கின. முத்திரை இருப்பதோ இறுதியில். எவரும் வேண்டுமென்றே பெயரை நீக்கவில்லை. காணிக்கை எடுத்து முடிந்ததும் பாட்டை நிறுத்துகிறார்கள், அவ்வளவே.

முத்திரை இருந்தாலும் அது மட்டுமே போதாது என்பதற்கு வேதநாயகம் என்னும் பெயரே எடுத்துக்காட்டு. தஞ்சைச் சாஸ்திரியார் சீர்திருத்தத் திருச்சபையினர். மாயூரத்தில் முனிசீபாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றியவர். இருவரும் கீர்த்தனை பாடியவர்கள். இருவர் பெயரும் ஒன்று. ஊரும் காலமும் அற்றுப் பெயர் மட்டும் எஞ்சினால், ஒருவரை மற்றவராகக் கொள்ளும் மயக்கம் எளிதில் நேரும். பழைய மரபு பெயரோடு ஊரையும் சேர்த்துச் சொன்னதன் பயன் இங்கே புலப்படும்.

கிருஷ்ண பிள்ளையின் (1827–1900) நிலை வேறு வகையானது. வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர் அவர். பனியனின் பயணக் கதையைத் தழுவிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இலும், இரட்சணிய மனோகரம் 1899-இலும் வெளிவந்தன. இராமாநுசர் வழிவந்த சரணாகதிச் சொல்வளம் கிறித்தவப் பொருளுக்குள் புகுந்து புதுப்பொலிவு பெற்றதை இவ்விரு நூல்களிலும் காணலாம். இராமாநுசரின் ஊரைச் சுற்றியுள்ள சபைகளில் கிருஷ்ண பிள்ளையின் பாக்கள் பாடப்படுவது, அறிந்து செய்யப்பட்டிருந்தால் அழகிய சந்திப்பாக இருந்திருக்கும். அறியாமலே நிகழ்வதுதான் குறை. காவியத்திலிருந்தும் பாமாலைத் தொகுதியிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்ட அவர் பாக்களைப் பாடுவோருள் பலர், அவற்றைத் தனித்து நிற்கும் வழிபாட்டுப் பாட்டாகவே அறிவர். தமிழ் வகுப்பறையில் அவரைக் 'கிறித்தவக் கம்பர்' என்று படித்த மாணவரும், ஞாயிறன்று தாம் பாடுவது அக்கம்பரின் வாக்கு என்பதை அறியாதிருப்பதுண்டு. பாடத்திட்டத்துக்கும் பாடகர் குழுவுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பாளர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றிய பப்ரிசியுஸ் (1711–1791) செருமானிய ஞானப்பாட்டுகளை அவற்றின் மெட்டுக்கு ஒத்த தமிழில் தந்தார். நெடிலும் குறிலும் அயல் மெட்டின் அசைக்கு இயையுமாறு சொல் தேர்வது எளிதன்று. பாமாலை நூல்கள் மெட்டின் பெயரைக் காத்த அளவுக்குத் தமிழ் செய்தவரின் பெயரைக் காக்கவில்லை.

வழித்தடத்தின் பாடுவோர்

இன்றைய தொழில் வழித்தடம் வெற்று நிலத்தில் எழுந்ததன்று. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதி இது. 1891-இல் மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அளித்த அறிக்கையும், அதன் பின் 1892-இல் பஞ்சமி நிலம் வழங்க எழுந்த ஆணையும் இம்மாவட்டத்தோடு பிணைந்தவை. ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டிலும், வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டிலும் நிலமற்றோருக்காகக் குரல் கொடுத்த காலம் அது. அக்காலத்தில் வேரூன்றிய சிற்றூர்ச் சபைகளுக்குக் கீர்த்தனை, எழுத்தறிவோடு சேர்ந்து வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர் முதலில் கையில் எடுத்த நூல்களுள் பாட்டுப் புத்தகமும் ஒன்று.

இருங்காட்டுக்கோட்டையில் 1990-களின் பிற்பகுதியில் கார்த் தொழிற்சாலை எழுந்தது. 2006 முதல் 2014 வரை திருப்பெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை இயங்கி மூடப்பட்டது. ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் ஆலைகள் அணிவகுத்தன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் வளாகம் 2024 ஆகத்தில் திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரின் மக்கள்தொகைக்கு ஒப்பான பெண்கள் ஒரே வளாகத்தில், பிறந்த ஊரையும் பிறந்த சபையையும் விட்டு வாழ்கின்றனர் என்பதே இவ்வெண்ணின் பொருள். வழித்தடத்தின் விடுதிகளில் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாவட்டச் சிற்றூர்களிலிருந்தும் வந்தவர் உள்ளனர். ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்தோரும் உள்ளனர். (1845-இல் ராஞ்சியில் காலூன்றிய கோஸ்னர் மிஷனின் வழிவந்த பாடல் மரபு ஜார்க்கண்டுக்கு உண்டு. அம்மாநிலத்தவரின் பாடல்கள் தமிழ்த்துறையின் எல்லைக்குள் வருமா என்பது தனியே ஆராயத்தக்கது.)

பாட்டுப் புத்தகம் ஒரு வாழ்க்கை முறையை முன்கூட்டியே கருதிக்கொண்ட நூலாகும். ஞாயிறு காலை எல்லார்க்கும் ஓய்வு, எல்லாரும் ஓரிடத்தில் கூடுவர், மூத்தவர் பாட இளையவர் கேட்டுக் கற்பர் என்பது அதன் எதிர்பார்ப்பு. பணிமுறை வாரத்துக்கு வாரம் மாறும் ஆலையில் இவற்றுள் எதுவும் உறுதியன்று. ஞாயிறு காலை சிலருக்கு இரவுப் பணி முடிந்து உறங்கும் நேரம். எனவே பாடல் கைப்பேசி வழியே வருகின்றது. காதொலிக் கருவியில் ஒருவர் தனியே கேட்கும் பாடலாகின்றது. மூன்று பேர் அறைக்குள் கூடும்போது ஒருவர் வரிகளைத் தட்டச்சு செய்து மற்றவர்க்கு அனுப்புகின்றார். கேட்டெழுதுவதால் ளகர, ழகர, லகரங்கள் இடம் மாறுகின்றன, சீர் பிரிகின்றது, சில வேளை பொருளே மாறிவிடுகின்றது. அவ்வரிகளே பின்னர்ச் சபையின் திரையில் ஒளிவீழ்த்தியால் காட்டப்படும்போது, ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவோ, பாடலைப் பதிவேற்றியவரின் பெயரால் நிரப்பப்பட்டோ இருக்கின்றது.

அச்சுப் புத்தகத்தில் இறுதிச் சரணம் பாடப்படாவிடினும் தாளில் இருந்தது, தேடுவோர்க்குக் கிடைத்தது. திரையில் பாடப்படாத சரணம் தட்டச்சு செய்யப்படுவதேயில்லை. உறங்கிய சரணத்துக்கும் இல்லாமற்போன சரணத்துக்கும் உள்ள வேறுபாடு இது. இதனாலேயே இவ்வழித்தடம் ஆய்வாளரின் கவனத்தை உடனே வேண்டி நிற்கின்றது. தனிமையும் பணிமுறையும் கைப்பேசியும் ஒருங்கே சேர்ந்து, ஒரு நூற்றாண்டில் நிகழ்ந்த தேய்வைச் சில ஆண்டுகளில் நிகழ்த்தவல்லன.

அண்மைக்காலப் பாடலாசிரியர்களின் பெயர் ஓரளவு காக்கப்பட்டதற்கு ஒலிநாடா ஒரு காரணம். சாராள் நவரோஜி அம்மையார் தாமே எழுதி, மெட்டமைத்து, பாடியவர். பெந்தெகோஸ்தே சபைகளிலிருந்து புறப்பட்ட அவர் பாடல்கள் சபை வேறுபாடின்றிப் பரவின. அருள்தந்தை பெர்க்மான்சின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் வரிசை எண்ணோடு வெளிவந்தமையால், எப்பாடல் எத்தொகுதியில் உள்ளது என்பதைப் பாடுவோரே சொல்வர். வங்கியில் பணியாற்றிய டி. ஜி. எஸ். தினகரனின் பாடல்களும் அவர் குரலோடு சேர்ந்தே அறியப்பட்டன. ஒலிநாடாவின் உறை ஒருவகைத் திருக்கடைக்காப்பாக விளங்கியது எனலாம். உறை போயிற்று. பாடலை மறுபடியும் பாடிப் பதிவேற்றும் இளங்குரல்கள் பெருகியபின், கேட்போர் அறிவது பாடியவரைத்தான்.

பெண்பாற் பாடலாசிரியர் நிலை தனியே நோக்கத்தக்கது. கருணாமிர்த சாகரம் (1917) தந்த ஆபிரகாம் பண்டிதரின் சுருதி ஆய்வை 1916-இல் பரோடா இசை மாநாட்டில் வீணையோடு பாடி மெய்ப்பித்துக் காட்டியவர்கள் அவருடைய புதல்வியர். பண்டிதரின் பெயர் நிலைத்த அளவுக்கு அவர்கள் பெயர் நிலைக்கவில்லை. பாடியவர் பெண்ணாகவும் பெயர் பெற்றவர் ஆணாகவும் இருந்த நிலைக்கு விதிவிலக்காகச் சாராள் நவரோஜி திகழ்கின்றார்.

ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

ஆசிரியர் பெயரை இவ்வளவு வலியுறுத்துவது தகுமா என்னும் மறுப்பு இரு திசைகளிலிருந்து எழக்கூடும். பாடல் இறைவனுக்கு உரியது, எழுதியவர் பெயர் எதற்கு என்பது ஒன்று. நம்மாழ்வாரும் சம்பந்தரும் இதற்கு விடை தந்துவிட்டமையால் அதில் நெடிது நிற்க வேண்டியதில்லை.

மற்றது வலிமை மிக்கது. பரட்டை என்னும் புனைபெயரால் அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு (1940–2005) எழுப்பியது அது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அவர், கருநாடக இசையில் அமைந்த கீர்த்தனைகள் மேட்டுக்குடிப் பண்பாட்டைச் சபைக்குள் கொணர்ந்தன என்றும், தலித் மக்களின் விடுதலைக்கு உரிய இசை நாட்டார் இசையே என்றும் வாதிட்டார். நாட்டார் பாடலைப் பாடுவோர் எவரும் மாற்றலாம், கூட்டலாம், தம் சொல்லை அதில் ஏற்றலாம். அவ்வுரிமையே அதன் உயிர். சாஸ்திரியாரின் தமிழிசைப் பற்றும் சாதி நிலைப்பாடும் ஒரே பட்டியலில் நின்றதை நினைவுகூர்ந்தால், அப்பாவுவின் ஐயம் அடிப்படையற்றதன்று என்பது தெளிவாகும். பஞ்சமி நிலத்தின் வரலாறு பொதிந்த இவ்வழித்தடத்தில் அவ்வையம் கூடுதல் பொருள் பெறுகின்றது. முத்திரை என்பதே அவைப்புலவர் கருவி, அதனை எல்லாப் பாடலுக்கும் அளவுகோலாக்குவது நாட்டார் மரபுக்கு இழைக்கும் அநீதி என்று அவர் வழிநிற்போர் கூறலாம்.

இம்மறுப்பில் பாதி உண்மை. ஊர் சேர்ந்து பாடிப் பாடி உருவாக்கிய பாடலுக்குத் தனி ஆசிரியரைத் தேடுவது வீண். ஆயினும் ஊரே ஆக்கிய பாடலில் ஆசிரியர் பெயர் இல்லாமையும், ஒருவர் எழுதிய பாடலிலிருந்து அவர் பெயர் உதிர்வதும் வேறுவேறு நிகழ்வுகள். முன்னது கூட்டு உரிமை, பின்னது இழப்பு. அவ்விழப்பு ஒடுக்கப்பட்டோருக்கே மிகுதியாக நேர்கின்றது. சாஸ்திரியாரின் பெயரைக் காக்க அவையும் அச்சும் வழித்தோன்றல்களும் இருந்தன. சிற்றூர்ச் சபையில் பாட்டுக்கட்டிய ஆசிரியருக்கோ உபதேசியாருக்கோ அவற்றுள் ஒன்றும் இல்லை. அப்பாவுவே 'பரட்டை' என்னும் பெயரைத் தெரிந்து சூட்டிக்கொண்டவர். எளியோரின் சீவப்படாத தலையைக் குறிக்கும் அச்சொல் அவருடைய முத்திரை.

சட்டமும் இவ்வேறுபாட்டை அறிந்தே வைத்துள்ளது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், மெய்யான சமயச் சடங்கில் பாடலைப் பாடுவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்னும் 'இது என் படைப்பு' என்று கூறும் உரிமையை ஆசிரியருக்கே வழங்குகின்றது. சபை விலையின்றிப் பாடலாம். அதற்காக ஆசிரியர் தம் பெயரை இழக்க வேண்டியதில்லை.

தமிழ்த்துறையின் பணி

உ. வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளில் பாடவேறுபாடுகளைக் குறித்த கவனம், கிறித்தவப் பாடல்களுக்கு இன்னும் போதிய அளவு கிட்டவில்லை. ஒரு கீர்த்தனையின் முதல் அச்சு வடிவம், பிற்காலப் பதிப்பில் நீங்கிய சரணங்கள், சபைதோறும் மாறிய சொற்கள், இன்று திரையில் உள்ள வடிவம் ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்து ஒப்புநோக்கும் செம்பதிப்பு தேவை. அச்சு நூல்களைத் தேடுவோர்க்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், இறையியல் கல்லூரிகளின் நூலகங்களும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறித்தவவியல் துறையும் தமிழ்த்துறைகளும் இப்பணியில் கைகோக்கலாம். இறையியல் கல்லூரிகள் பாடலின் கோட்பாட்டைச் சரிபார்ப்பதில் காட்டும் ஈடுபாட்டைப் பாடலின் எழுத்தைச் சரிபார்ப்பதில் எதிர்பார்க்க இயலாது. அது தமிழ் கற்றோர் வேலை.

நூலகத்தில் கிடைக்காதது வழித்தடத்தில் உள்ளது. முனிசீபும் மருத்துவரும் தமிழாசிரியரும் வங்கி அலுவலரும் பாடல் எழுதியதே இம்மரபின் வரலாறு. அவ்வாறிருக்க, உதிரிபாகம் பொருத்தும் கைகள் பாடல் எழுதா என்று கொள்வதற்கு நியாயமில்லை. அச்சுத் தொகுப்புகளில் மேய்ப்பனும் கப்பலும் திராட்சைத் தோட்டமும் பாலைவழிப் பயணமும் மீண்டும் மீண்டும் வரும். சங்கொலிக்குப் பதில் ஆலையின் சங்கு ஒலிக்கும் ஊரில் எழுதப்படும் பாடல் எவ்வுவமையைத் தேடும் என்பது இலக்கியவியலார் ஆவலோடு கேட்க வேண்டிய வினா. விடையை ஊகிப்பதால் பயனில்லை. சென்று கேட்க வேண்டும்.

முதுகலை, ஆய்வியல் நிறைஞர் மாணவர் இக்களப்பணியை மேற்கொள்ளலாம். பாடலைக் கேட்கும்போது பல்லவியோடு நிறுத்தாமல், தெரிந்த சரணம் அனைத்தையும், குறிப்பாக இறுதிச் சரணத்தைக் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். யாரிடமிருந்து எவ்வூரில் கற்றார் என்பதையும், தாமே மாற்றிய சொல் உண்டா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தாம் எழுதிய பாடல் என்று ஒருவர் சொன்னால், பெயரை வெளியிட அவருக்கு இசைவு உண்டா, எப்பெயரால் வெளியிட வேண்டும் என்று கேட்டறிதல் கட்டாயம். ஆலையிலும் விடுதியிலும் தம்மை அடையாளப்படுத்திக்கொள்ள விரும்பாதவர் புனைபெயர் சூட்டிக்கொள்ளலாம். அதற்குப் பரட்டை முன்னோடி. இவையனைத்துக்கும் முன்னர்க் களப்பணியாளர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. சபை கூடும் ஞாயிறு காலையைத் தாமே நாளாகக் குறித்துக்கொண்டு செல்லாமல், பாடுவோரின் பணிமுறை அட்டவணையைக் கேட்டு, அவர் உறங்கி எழுந்த பின் வாய்க்கும் ஓய்வு நேரத்துக்குத் தம் பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.